பொத்தல் சட்டை

கொலை, கொள்ளைப் படங்களில் நடிகர்கள் போட்டு நடித்த அசல் உடைகளைச் சேர்ப்பதில் மணிவாசகனுக்குப் பைத்தியம். அவற்றில் அவன் உயிராக வைத்திருந்தது ஓர் அடியாளின் நீலச் சட்டை. நெஞ்சில் குண்டு துளைத்த ஓட்டை, ஓரமெல்லாம் கருகியிருக்கும். சட்டை அசல்தான் என்பதற்கு அந்த ஓட்டைதான் அத்தாட்சி.

அந்த அடியாளாக நடித்தவரின் மனைவி ரெஜினா அம்மாள் ஒருநாள் சட்டையைப் பார்க்க வந்தார். “ஒரு படம் விடாம செத்துருவாரு தம்பி. செத்துட்டு வீட்டுக்கு வந்து, பசிக்குது, சோத்தப் போடும்பாரு,” என்று சிரித்தார். “போன வருசந்தான் நெசமாவே போயிட்டாரு.”

மணிவாசகன் காப்பி கலந்து எடுத்துவந்தபோது சட்டை அந்த அம்மாளின் மடியில் கிடந்தது. கைப்பையில் வைத்திருந்த ஊசியால் ஓட்டையை மூடித் தைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அவனுக்குப் பகீரென்றது.

“படக் கம்பெனிச் சட்டைன்னு அன்னிக்கு வீட்டுக்குக் கொண்டாரல, இல்லேன்னா அப்பவே தெச்சிருப்பேன். பொத்தல் சட்டைன்னா அவருக்குக் கூச்சமா இருக்கும் தம்பி,” என்றபடி தையலை நீவிவிட்டார்.

மணிவாசகன் பீரோவைத் திறந்து, அதே மனிதர் இன்னொரு படத்தில் கத்திக்குத்து வாங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தான்.

“வெள்ள நூல் இருக்காம்மா?”