சின்னப்பரின் தாடி

ஓவியர் சந்தியாகுவின் ஜாடியில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. ஒன்று புத்தம்புதுசு, நுனி ஊசி மாதிரி இருக்கும். இன்னொன்று பழசு, முடியெல்லாம் விரிந்து பரட்டையாகிப் போனது.

"இந்தத் தலைய வச்சுக்கிட்டு உனக்கு இங்க என்ன வேலை? பேசாம பசை கிண்டப் போயேன்" என்றது புதுசு.

பழசு ஜாடியின் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. நேற்றுதான் சந்தியாகு அதைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோய், மனசு வராமல் திரும்ப வைத்திருந்தார்.

கிறிஸ்தவக் கோயிலுக்கான படத்தில், காட்டில் தவமிருந்த புனிதர் வனத்துச் சின்னப்பரின் தாடி மட்டும்தான் பாக்கி. இருட்டுக் குகை, ரொட்டி கொண்டுவரும் காகம், முனிவரின் தோளில் விழும் வெளிச்சம் எல்லாம் முடிந்துவிட்டது. புதுசு வழவழவென்று ஒரு தாடி வரைந்தது.

பார்க்க வந்த பங்குச்சாமியார் சிரித்துவிட்டார். "என்னய்யா இது! காலமெல்லாம் காட்டுல கிடந்தவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்காரே!"

சந்தியாகு தாடியைத் துணியால் துடைத்தெடுத்தார். பழசை வெள்ளையில் தோய்த்து ஒரே இழுப்பு இழுத்தார். முடி முடியாகப் பிரிந்து, சிக்கும் சடையுமாக, மார்பு வரை இறங்கியது தாடி. சாமியார் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

பழசு ராஜா மாதிரி ஜாடிக்குத் திரும்பியது. பக்கத்தில் சரசரவென்று ஒரு சத்தம். புதுசு தன் நுனியை ஜாடி விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இவ்வளவு பரட்டை போதுமா?"