பதினைந்தாவது மணி நேரம்

தொழிற்சாலையின் பதினாறு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சியில் பதினைந்தாவது மணி நேரம் நடந்துகொண்டிருந்தது. இறந்த கணவனின் வேலைக்கு வந்திருந்த சகாயமேரி இன்னும் வாய் திறக்கவில்லை. பேசாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை, மதிப்பெண் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று பயிற்சியாளர் நந்தகோபால் முதலிலேயே சொல்லியிருந்தார். பேசியவர்களுக்கு மிட்டாய் தந்தார்.

திரையில் ஓடிய சிசிடிவி பதிவில் ஒருவன் ரசாயனத் தொட்டியருகே வந்தான். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி, வீட்டு வாசலில் வைப்பதுபோல ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே இறங்கினான். அதிலேயே மேரிக்குத் தன் கணவனை அடையாளம் தெரிந்துவிட்டது. அவன் மேலே வரவில்லை.

“இவரு பண்ண தப்பு என்ன?”

“ஷூ போடல சார்.”

“உள்ள கேஸ் இருக்கான்னு பாக்கல சார்.”

“சூப்பர்! ரெண்டு பேருக்கும் மிட்டாய்.”

“செத்தவன் புண்ணியத்துல வாய் இனிக்குதுடா” என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள்.

நந்தகோபால் மேரியிடம் வந்தார். “நீங்க சொல்லுங்கம்மா. தப்பா இருந்தாலும் பரவால்ல. இவ்வளவு சொல்லிக் குடுத்தும் ஏன் இப்படி இறங்குறாங்க?”

மேரி எழுந்து நின்றாள்.

“என் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல சார். கிளாஸுக்கு வந்ததா கையெழுத்து மட்டும் வாங்கிட்டு, நேரா தொட்டிக்கு அனுப்பிட்டாங்க.”