நாலாம் லயம், கடைசிக் காம்பரா

“கண்ண மூடிக்குங்க பெரியம்மா, சவுக்காரத் தண்ணி வருது.”

சுதர்ஷினி, பேச்சியம்மாவின் தலையைக் கட்டிலுக்கு வெளியே சாய்த்துப் பிடித்து, வெந்நீரை மெல்ல ஊற்றினாள். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வடிகால் கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பேச்சியம்மா எழுந்து நடந்ததில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சுதர்ஷினி வருவாள். உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி காய்ச்சி ஊட்டி, சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போவாள்.

“ஏம் புள்ள, இருக்கிறதே ஒரு லீவு நாளு. ஒம் புருஷன் ஏசலையா?”

“ஏசாம? ‘நீ சர்ச்சுக்குப் போறியா, சலூனுக்குப் போறியா’ன்னு கேக்குறாரு.”

பேச்சியம்மா குலுங்கிச் சிரித்தாள். சுதர்ஷினி அடுத்துச் சொன்னது அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது.

“வர்ற ஞாயிறு புதுப் போதகரும் என்கூட வர்றாரு. ஒங்களப் பாக்கணுமாம்.”

“என்னையவா? வேணாம் புள்ள. காம்பரா நாறிக் கெடக்கு.”

“இப்பத்தானே கூட்டிக் கழுவுனேன்!”

“வந்து ஏதும் கேப்பாரோ?”

“என்னத்தக் கேக்கப்போறாரு? பேரக் கேப்பாரு, ஒடம்பு எப்புடின்னு கேப்பாரு.”

பேர்! பேச்சியம்மாவின் கை தானாக நெற்றியைத் தடவிப் பார்த்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு, பூண்டுலோயாவிலிருந்து இந்தத் தோட்டத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த சுதர்ஷினி, இதே வாசலில் நின்று கேட்டாள்: “நாலாம் லயம், கடைசிக் காம்பரா... எலிசபெத் பெரியம்மா நீங்கதானே? ஒங்களப் பாத்துக்கச் சொல்லி சபையில அனுப்புனாங்க.”

நாலாம் லயம் என்ற வீட்டு வரிசை தோட்டத்தின் மேல் டிவிசனிலும் உண்டு, கீழ் டிவிசனிலும் உண்டு. எலிசபெத் இருந்தது மேலே. மூன்று நாளாக மாற்றாத துணியில் கிடந்த பேச்சியம்மா, “ஆமா” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு விடிந்தால், முதல் வேலையாக நெற்றித் திருநீற்றை அழித்துவிடுவாள். உண்மை தெரிந்தால் இந்தப் பெண் மேல் டிவிசனுக்குப் போய்விடுவாள். பிறகு யார் வருவார்கள்? மகன் சுமன் கொழும்புக் கடையிலிருந்து தீபாவளிக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவன்.

சுதர்ஷினி தலையைத் துவட்டி, சிக்கெடுக்கத் தொடங்கினாள். வலித்துவிடக் கூடாது என்று, மயிரின் அடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்காக எடுத்தாள். பேச்சியம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

“போதும் புள்ள. கைய எடு.”

“வலிக்குதா?”

“நான் எலிசபெத்து இல்ல. என் பேரு பேச்சியம்மா. நாங்க மாரியம்மன கும்புடுற ஆளுக. அந்தப் பொம்பள மேல் டிவிசன்ல கெடக்கு. அதுக்கு ஊத்த வேண்டிய தண்ணி, அதுக்குக் குடுக்க வேண்டிய கஞ்சி, எல்லாத்தையும் எட்டு மாசமா நான் புடுங்கித் தின்னுட்டேன். ஒங்க சாமி என்னையச் சும்மா விடாது. போ தாயி, இனிமேலாச்சும் அதுகிட்டப் போ.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போகும் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. சீப்புதான் மறுபடி தலையில் ஓடியது.

“எனக்கு மொத வாரமே தெரியும். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி அக்கா சோறு குடுக்க வந்தப்ப ஒங்களப் பேரச் சொல்லித்தானே கூப்புட்டாங்க? போதகர்கிட்டயும் பேச்சியம்மான்னுதான் சொல்லியிருக்கேன்.”

பேச்சியம்மா மெல்லத் திரும்பினாள். “அப்ப அந்த எலிசபெத்து? அது பாவம் இல்லையா?”

“ஆராதனைக்கு முன்னால அங்க, முடிஞ்சதும் இங்கன்னுதான் வந்துக்கிட்டு இருந்தேன்.” சுதர்ஷினி கடைசிச் சிக்கையும் எடுத்துவிட்டாள். “அவங்கள அடக்கம் பண்ணி அஞ்சு வாரமாச்சு, சபை எனக்குச் சொன்ன வேலை அன்னைக்கே முடிஞ்சிருச்சு பெரியம்மா.”