அடிமரத்தில் மூன்று காளான்கள்

"சின்னவன் பேசுறேன். வேலை செய்யுற கிடங்குக்குப் பின்னாடி, ஒரு பெரிய மரத்தடியில நிக்கிறேன். இந்தக் காளானைப் பாருங்க!"

அவன் சொல்லச் சொல்ல போன் அதை எழுத்தாக்கியது. படத்தோடு வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான்.

அடிமரத்தை ஒட்டி மூன்று காளான்கள். கழுவி அடுக்கிய தட்டுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. நடுவில் செம்பழுப்பு, விளிம்பில் மட்டும் வெள்ளை. இந்தப் படம் சரியாக வருவதற்குள் சாப்பாட்டு இடைவேளையில் பாதி கரைந்துவிட்டது.

குரலாக அனுப்பினால் அப்பா கேட்க மாட்டார். சொல்லச் சொல்லக் கேட்காமல் பையன் விமானம் ஏறிய நாளிலிருந்து அவன் குரலே அவருக்கு ஆகாது. எழுத்து என்றால் படிப்பார். நீல டிக் விழும். அதோடு சரி.

வேலை கிடைத்தது என்றான். நீல டிக். காய்ச்சல் என்றான். அதற்கும் நீல டிக்தான்.

ஏழு மாதம். திட்டவாவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று இவன் காய்ந்து கிடந்தான்.

அப்பா மர அறுவை மில்லில் முப்பது வருஷம் ரம்பம் பிடித்தவர்.

போன் அடித்தது. திரையில் 'அப்பா'. முதல் மணியிலேயே எடுத்தான்.

"டேய், அறிவிருக்கா உனக்கு? அடிமரத்துல காளான் பூத்திருந்தா உள்ள பூரா மக்கிப்போச்சுன்னு அர்த்தம். ஒரு காத்துக்குத் தாங்காது. தள்ளி நில்லுடா, கழுத!"

"சரிப்பா."

"நின்னுட்டியா?"

"நின்னுட்டேன்ப்பா."

"இன்னும் தள்ளி!"

அவன் ஓர் அடிகூட நகரவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றான்.

மூச்சு வாங்கியபடி அப்பா கேட்டார்: "அது என்னடா மரம்? எலை எப்படி இருக்கு?"

இலை, பட்டை, சுற்றளவு என்று பேச்சு பதினாறு நிமிடம் ஓடியது. மேற்பார்வையாளர் வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் போனை வைத்தான்.

கிடங்குக்குள் ஓடிக்கொண்டே அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பினான்:

"அக்கா, அந்த மரம் விழப்போகுதுன்னு நேத்தே சுத்திக் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டிட்டாங்க. நான் கயித்துக்கு இந்தப் பக்கம், முப்பது அடி தள்ளித்தான் நின்னேன். படம்கூட ஜூம் பண்ணி எடுத்ததுதான். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, ப்ளீஸ்."