இருநூற்று எண்பத்து நான்காவது ஷ்னைடர்

“இன்னும் ஒரே ஒரு ஷ்னைடர்! யாராவது விட்டுப்போயிருக்கீங்களா?” மேசை மேல் ஏறி நின்று கத்தினாள் கெர்லிண்டா ஷ்னைடர்.

நகர மன்ற முற்றம் நிறைய ஷ்னைடர்கள்தான். ஷ்னைடர் என்றால் தையல்காரர். துணி தைக்காத ஊர் ஏது? அதனால் ஜெர்மனி முழுக்க அந்தக் குடும்பப் பெயர். ஜெர்மானியர், யூதர் என்ற வித்தியாசமும் இல்லை. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பத்திலேயே பதினொரு ஷ்னைடர்கள்.

இருந்தும் எண்ணிக்கை 283-ல் நின்றுவிட்டது. ஒரே குடும்பப் பெயர்க்காரர்களை அதிகம் கூட்டும் ஊருக்குக் கோப்பை என்று போட்டி. போன வருஷம் பக்கத்து ஊரில் வேபர்கள், அதாவது நெசவாளர் பெயர்க்காரர்கள், சரியாக 283 பேர் கூடி அதை வென்றார்கள். சமம் என்றால் கோப்பை அவர்களிடமே இருக்கும்.

“மூணு மணிக்குக் கணக்கை முடிச்சிடுவேன்,” என்றார் அடையாள அட்டைகளைச் சரிபார்க்க வந்திருந்த ஹோர்ஸ்ட் வேபர். “இன்னும் இருபது நிமிஷம். வேணும்னா உங்க வீட்டு நாயைக் கூட்டிட்டு வாங்க, சேர்த்துக்கறேன்!”

கெர்லிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கடிதம் போட்டவள் அவள். அந்தக் கோப்பை இல்லாமல் இன்று வீட்டுக்குப் போக முடியாது.

அப்போதுதான் அண்ணன் மகன் லோரென்ஸ் கண்ணில் பட்டான். காலையிலேயே எண்ணப்பட்டவன். இப்போது கோட்டும் சூட்டுமாக, பூங்கொத்து ஏந்திய யானா கிராவெட்ஸுடன் வந்துகொண்டிருந்தான். நான்கு மணிக்கு இதே கட்டடத்தில் அவர்களுக்குப் பதிவுத் திருமணம்!

“டேய் லோரென்ஸ்! கல்யாணத்தை இப்பவே வெச்சுக்கடா! யானா ஷ்னைடர் ஆயிட்டா நமக்கு 284!”

“அத்தை, அது வந்து...”

“வந்தும் இல்ல, போயும் இல்ல. நட!”

கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதிவாளர் அம்மாள் வாயைத் துடைத்தபடி எழுந்தார். பெண்ணின் அப்பா செம்யோன் பாதி கட்டிய டையோடு ஓடி வந்தார். “இதை நானும் பார்க்கணுமே,” என்று ஹோர்ஸ்டும் பட்டியலோடு நுழைந்தார்.

சம்மதம் கேட்டாயிற்று, இருவரும் சொல்லியாயிற்று. மூன்று மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம்.

“குடும்பப் பெயர் என்னன்னு எழுதணும்?”

“ஷ்னைடர்!” கெர்லிண்டா துள்ளினாள்.

“மாப்பிள்ளை சொல்லட்டும்மா.”

லோரென்ஸ் யானாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “கிராவெட்ஸ். எனக்கும் அதுதான்.”

“அடப்பாவி! என்னடா சொல்ற?”

“எப்பவோ எடுத்த முடிவு அத்தை. சொல்ல வந்தேன், நீங்க விட்டாத்தானே! ஷ்னைடர் வெளியில அத்தனை பேர் நிக்கிறாங்க. கிராவெட்ஸ் குடும்பத்துல மிச்சம் இவளும் இவ அப்பாவும் மட்டும்தான்.”

செம்யோனுக்கே அது புதுச் செய்தி. டை முடிச்சைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். “சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க... எங்க உக்ரைன்ல கிராவெட்ஸ்னாலும் தையக்காரர்தான்.”

ஹோர்ஸ்ட் பென்சிலை எடுத்தார். “அப்போ 284 இல்ல. லோரென்ஸும் போயாச்சு, 282!”

கெர்லிண்டா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முற்றத்துக்கே கேட்கும்படி கத்தினாள்: “கிராவெட்ஸ் இனிமே மூணு!”