குலம் தடையில்லை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். அல்லிநகரத்தில் கயலின் வீட்டு மாடியறையில், தேய்த்த வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் அமர்ந்திருந்த முத்துராஜாவிடம் முதல் கேள்வி கேட்கப்பட்டது.

“மொதல்ல உங்க குலத்த முடிவு பண்ணணும்.”

முத்துராஜா விழித்தான். “குலம் தடையில்லைன்னு போட்டிருந்தீகளே.”

“தடையில்லைதான். அதுக்காகப் பொருத்தம் பாக்காம இருக்க முடியுமா?” என்றாள் கயல். அவளருகில் இருந்த தோழி ரஃபியா தலையசைத்துவிட்டு, இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்றை மேசையில் உருட்டினாள்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, கற்பனை நாட்டில் சாகசம் செய்யும் விளையாட்டு அது. கயல் தமிழாசிரியை, ஆதலால் விதிநூலில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாத்திரம் பிறந்த இனத்துக்குக் குலம் என்றும், அது செய்யும் வேலைக்குத் தொழில் என்றும், மாதக்கணக்கில் நீளும் கதைக்குப் பயணம் என்றும் பெயரிட்டிருந்தாள்.

அந்தப் பயணம் ஆறு வாரமாக ஒரு குகைவாயிலில் நின்றுவிட்டது. மந்திரவாதி ஒருவனால் மட்டுமே திறக்கக்கூடிய கதவு அங்கே இருந்தது. மந்திரவாதியாக ஆடிய ஸ்டீவனோ சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். “இந்த ஞாயித்துக்கெழமயும் ஆள் வரலன்னா, வாளத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நான் தையல் கிளாஸுக்குப் போறேன்டி” என்று, வாள்வீராங்கனையாக ஆடும் ரஃபியா அறிவித்திருந்தாள்.

எனவே கயல், ஊர் விளம்பரங்கள் எல்லாம் வரும் பஜார் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பை வெளியிட்டாள். “நீண்ட பயணத்தில் இணைய, பொறுமையுள்ள ஒருவர் தேவை. குலம் தடையில்லை. தொழில் பேசி முடிவு செய்யப்படும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தனியாக நேரில் வரவும்.” மூன்று முறை சரிபார்க்கப்பட்ட அவ்வறிவிப்பில் ஓர் ஒற்றுப்பிழையும் இல்லை.

வந்தவன் ஒரே ஒருவன்: காமயகவுண்டன்பட்டி முத்துராஜா.

“பெரியவுக யாரும் இல்லையா?” என்று அவன் கேட்டான்.

“இங்கன முடிவு எடுக்கிறது நாந்தான்” என்றாள் கயல். “அடுத்து, தொழில்.”

“திராட்சைத் தோட்டம். ஆறு ஏக்கர்.”

“அது வெளிய. இங்கன நீங்க மந்திரவாதி.”

அவன் சற்று யோசித்தான். “நீங்க சொன்னாச் சரி.”

“மந்திரவாதிக்கு வனவர் குலந்தான் பொருத்தம்” என்றாள் ரஃபியா. “காட்டுல பொறந்தவுக. கூர்மையான புத்தி. எழுநூறு வருசம் ஆயுசு. நடந்தா சத்தமே கேக்காது.”

“நான் நடந்தா நாலு வரப்புக்குக் கேக்கும்.”

“அப்ப மனுசக் குலம்? எல்லாத்துலயும் சுமார்.”

“அதுலதான இப்ப இருக்கேன்.”

கயல் விதிநூலைப் புரட்டினாள். “குள்ளர் குலம். மலையில பொறந்தவுக. புத்தி அம்புட்டு ஓடாது. ஆனா லேசுல சாய மாட்டாக. மந்திரவாதின்னா ஒரு அடிக்கே விழுந்துருவான். அடி தாங்குற குலத்துல பொறந்தா அந்தக் கொற தீந்துரும்.”

“எம்புட்டு அடின்னாலும் தாங்குவேன்” என்றான் முத்துராஜா. “போன வருசம் காத்து மழையில பந்தல் மொத்தமும் சாஞ்சுச்சு. மறுநாளே கல்லுக்கால் ஊன ஆரம்பிச்சேன்.”

ரஃபியா அவனைக் கூர்ந்து பார்த்தாள். “பாதில விட்டுட்டு ஓடிற மாட்டீகளே? முன்ன இருந்தவன் அப்பிடித்தான் போனான்.”

முத்துராஜாவின் முகம் வாடியது. “முன்ன ஒருத்தர் இருந்தாகளா?”

“பத்து மாசம்” என்றாள் கயல். “நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.”

அவன் எழுந்து சன்னலருகே போய், தெருவில் நின்ற தன் காரை ஒருமுறை பார்த்தான். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பரவால்ல. பழசப் பேச வேணாம்.”

“பெரிய மனசுடி” என்று ரஃபியா கயலின் காதில் சொன்னாள்.

இனிக் கதவு ஒன்றே மிச்சம். பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால் அது திறக்கும். இல்லையேல் ரஃபியாவுக்குத் தையல் வகுப்பு. முத்துராஜா கண்களை மூடி, குலசாமியை வேண்டிக்கொண்டு உருட்டினான்.

பதினெட்டு.

ரஃபியா மேசையில் தட்டினாள். “தொறந்துருச்சுடி. இவுகளையே வச்சுக்குவோம்.”

இறுதியில் முடிவானவை வருமாறு: முத்துராஜாவின் குலம் குள்ளர், தொழில் மந்திரவாதி. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அவன் வர வேண்டும். பயணத்தைப் பாதியில் கைவிடக் கூடாது. கயல் இவற்றைப் பிழையின்றி எழுதி நீட்ட, அவன் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டான்.

“உங்களுக்கு முழுச் சம்மதந்தான?” என்று கேட்டான்.

“முழுச் சம்மதம்” என்றாள் கயல்.

முத்துராஜா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“அப்ப அம்மாவ மேல வரச் சொல்றேன். பூவும் பழமும் வச்சுக்கிட்டு நாலு மணியிலருந்து கார்லயே உக்காந்திருக்காக.”