திரும்பி வரும் தேதி

"ரொம்ப லேசான சாஃப்ட்வேர் அங்கிள். ஃபோன்ல இடமே பிடிக்காது" என்று ரேஷ்மா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

லேசான சாமானை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டேன். சிரித்தாள். விற்க வந்தவர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. குக்கருக்கும் வாணலிக்கும் கைப்பிடி செய்கிறோம். நாலு புது மாடல் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஆகஸ்டிலிருந்து ஒன்றுகூட நகரவில்லை.

எது எங்கே நிற்கிறது என்று தன் ஃபோனில் தெரிந்தாக வேண்டும் என்று கைப்பிடி வாங்கும் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். இன்றைக்குள் காட்டாவிட்டால் நாலும் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் கீழ்க்கட்டளையிலிருந்து இந்தப் பெண். இரண்டு சாஃப்ட்வேர் கொண்டுவந்திருக்கிறாள், ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லி. இரண்டையும் நான் நம்பவில்லை.

மோல்டு வெட்டுவது யார், மிஷினில் நிற்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினாள். கடைசியில் சரி பார்ப்பது யார் என்றாள்.

என் பெண்சாதி செல்வமேரி என்றேன். வாயில் வந்துவிட்டது.

புதுக் கைப்பிடி வந்தால் பாத்திரத்தில் மாட்டித் தாம்பரத்துக்கு, வீட்டுக்கு எடுத்துப்போவேன். அவள் அதில் சமைப்பாள். கை சுட்டால், "இத்த நீயே புடிய்யா" என்பாள். சுடாவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசாமல் இருந்தால் ஓகே.

திரையில் மாடலுக்கு ஒன்றாக நாலு பட்டை ஓடிவந்து அவள் பெயரில் முட்டி மஞ்சளாக நின்றன.

"நாலுமே ஆன்ட்டிகிட்டதான் நிக்குது. அவ்ளோ பிஸியா?"

"பிஸிதான்."

"பேரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடலாம் அங்கிள். ஒரே க்ளிக்."

பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குப்பைத்தொட்டிப் படம் வந்தது.

"கைய எடு."

கையை எடுத்துவிட்டாள். மிஷின் சத்தத்தையும் மீறி வெளியே இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"இது வோணாம்மா. இன்னொண்ணு இன்னா பண்ணும், அத்த காட்டு."

இன்னொன்றில் பெயரைத் தூக்க வேண்டியதில்லையாம். லீவு என்று போட்டால் போதும். பெயர் அங்கேயே இருக்கும், வேலை மட்டும் என்னிடம் வரும்.

"லீவு முடிஞ்சு வந்துட்டா?"

"தானா அவங்ககிட்டயே போயிடும் அங்கிள்."

"அப்ப இத்தயே போடு."

விலை கேட்கவில்லை. அவளே கொஞ்சம் முழித்தாள்.

நாலு பட்டையும் சவுரிமுத்து என்ற என் பெயருக்குக் கீழே வந்து நின்றன. கம்பெனிக்காரனுக்கும் போய்விட்டது, நாலையும் நான் சரி பார்த்து நாளைக்கு முடிவு சொல்வேன் என்று.

"ஆன்ட்டி திரும்பி வர்ற தேதி கேக்குது. என்ன போடட்டும்?"

"காலியா வுடு."

காலியாக விட்டாலும் அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அதை நம்பலாம் என்று தோன்றியது.

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டே, ஆன்ட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன்.

நாலு கைப்பிடியும் வீட்டில் அடுப்பு மேடை மேல், பாத்திரங்களில் மாட்டியபடியே இருக்கின்றன. அவளுடைய முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு வந்த சொந்தக்காரர்களுக்கும் ஓட்டல் சாப்பாடுதான். அந்த அடுப்பை யாரையும் நான் தொட விடவில்லை.

இன்றைக்கு நான் பற்ற வைத்தாக வேண்டும்.

தீப்பெட்டியை எங்கே வைப்பாள் என்று தெரியாது.